குளத்துக்கு மணி பன்னிரண்டு

"நீங்களே பார்த்துச் சொல்லுங்க. இது சிவப்பா?"

தலைமையாசிரியர் இராமகிருஷ்ணன் ஒரு கண்ணாடி பாட்டிலை மேஜையின் நடுவில் வைத்தார். உள்ளே குளத்துத் தண்ணீர். பச்சை. ஐந்து பைசா குறைத்துக் கேட்கக்கூட இடம் தராத, அப்பட்டமான பச்சை.

லோகநாயகி பாட்டிலைப் பார்த்தாள். பிறகு அதைக் கொண்டுவந்த கலியமூர்த்தியைப் பார்த்தாள். பஞ்சவர்ணம் நினைவு மேல்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக ஆய்வுக்கூட உதவியாளர். அவளைத் தேடிவந்து கூப்பிட்டவரும் அவர்தான். காக்கிச் சட்டையின் மேல்பட்டனைத் திருகியபடி கதவோரம் நின்றிருந்தார்.

"பச்சைதான் சார்," என்றாள் லோகநாயகி.

"அப்புறம் என்ன? துப்பறிய ஒண்ணும் இல்லையே."

ஆவடி ஸ்டேஷனுக்கு எதிரே சைக்கிள் கடை மாடியில் லோகநாயகி துப்பறியும் நிலையம் திறந்து நான்கு வருஷம் ஆகிறது. அதற்கு முன் பூந்தமல்லியில் அப்பாவின் பாத்திரக்கடையில் பதினாறு வருஷம். தொழிலைக் கற்றது அங்கேதான். ஒரு குடத்தைக் கையில் எடுத்து, "எனக்கு இது வேணாம், சும்மா பார்த்தேன்" என்று மூன்று தடவை சொல்கிற மனுஷி அந்தக் குடத்தைத்தான் வாங்கிக்கொண்டு போவாள் என்பது அவளுக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். மனிதர்களைப் பற்றி இதற்குமேல் தெரிய வேண்டியது அதிகம் இல்லை.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க கலியமூர்த்தி. சனிக்கிழமை என்ன நடந்தது?"

"புதன்கிழமை பிளஸ் டூ பிராக்டிகல் மேடம். பசங்க பார்க்கறதுக்கு கொளத்துத் தண்ணி வோணும். வருசா வருசம் நான்தான் எடுத்தாருவேன். பன்னெண்டு மணிக்கு லேபைப் பூட்டிட்டு சேக்காட்டுக் கொளத்துக்குப் போனேன். போனா தண்ணி செகப்பா கீது. பீட்ரூட்டைக் கழுவி ஊத்தினாப்பல. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி. சரின்னு பாட்டில்ல மொண்டு, பைக்குள்ள வச்சிகினு ரெண்டு மணிக்குத் திரும்பினேன். லேபைத் தொறந்தா மைக்ரோஸ்கோப்பைக் காணோம். பாட்டிலை எடுத்தா... தண்ணி பச்சையா கீது."

"ஜெர்மனி மைக்ரோஸ்கோப்," என்றார் இராமகிருஷ்ணன். "பழைய மாணவர் ஒருத்தர் அனுப்பினது. ரெண்டு கண்ணாலயும் பார்க்கலாம். அவர் வெள்ளிக்கிழமை ஆண்டு விழாவுக்கு வர்றார். என்ன பதில் சொல்றது? இந்தப் பள்ளிக்கூடம் என்ன கொழிக்குதா? ஒரே ஒரு டைப்ரைட்டரை வச்சுக்கிட்டு ஒப்பேத்திட்டு இருக்கோம்."

சொல்லிவிட்டுச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவள் வந்ததிலிருந்து இது நான்காவது தடவை. பையின் விளிம்பில் ரோஸ் நிறத் தாள் ஒன்று எட்டிப் பார்த்தது.

"சாவி?"

"ஒண்ணு இவர்கிட்ட. இன்னொண்ணு அந்தப் பலகையில். ஆனா இவர் குளத்துக்கே போகலை. சாட்சி இருக்கு." ஒரு தாளை நீட்டினார். தாவரவியல் ஆசிரியர் ரகுநாதன் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் குளத்தோரமாகச் சென்றதாகவும், அங்கே கலியமூர்த்தி இல்லையென்றும், குளத்து நீர் வழக்கம்போல் பச்சையாகவே இருந்ததென்றும் நாலே வரியில் சொன்னது.

"இவர் தண்ணியை எங்கேயோ வழியில் மொண்டிருக்கார். சிவப்புன்னு கதை வேற. பத்தரைக்கு கிளார்க் வந்ததும் சஸ்பெண்ட் ஆர்டர் டைப் ஆகிடும். ரெண்டு மணிக்குத் தாளாளர் வந்து கையெழுத்துப் போடுவார். அதுக்குள்ள நீங்க எதையாவது கண்டுபிடிச்சா சந்தோஷம்."

அவர் முகத்தில் சந்தோஷத்துக்கான ஏற்பாடு எதுவும் தெரியவில்லை.

"எம்பொண்ணு இதே ஸ்கூல்ல பிளஸ் டூ படிக்குது மேடம்," என்றார் கலியமூர்த்தி மெதுவாக. "இன்னைக்கு வரமாட்டேன்னு ஊட்லயே குந்திகினு அழுவுது. வேலை போனா வேற வேலை பார்த்துக்கலாம். திருட்டுப் பட்டத்தை எங்க போயி எறக்கறது?"

அறையை விட்டு வரும்போது அவளுடைய உதவியாளன் பால்ராஜ் அங்கிருந்த பீரோவின் உச்சியைக் கண்ணால் காட்டினான். அங்கே கறுப்பு ரெக்சின் உறை போர்த்தி ஒன்று உட்கார்ந்திருந்தது. உறையின் நடுப்பகுதி கூடாரம்போல் தூக்கிக்கொண்டு நின்றது.

"இன்னாக்கா, இந்த இஸ்கூல்ல டைப்ரைட்டருக்குக்கூட கூன் உயுந்துடுச்சி! எவ்ளோ கஷ்டப்பட்டுச்சோ."

"சும்மா வா."

பால்ராஜ் ஆவடியில் ஒரு தியேட்டரில் ஒன்பது வருஷம் டிக்கெட் கிழித்தவன். தரை டிக்கெட் வாங்கிக்கொண்டு பெஞ்சுக்கு நழுவுகிறவனை இருட்டில் பிடித்த அனுபவம் உண்டு. அந்த ஒரு தகுதிக்காகவே லோகநாயகி அவனை வேலைக்கு வைத்தாள். வாயையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அது கொசுறு.

டி.வி.எஸ். ஐம்பதை அவள் ஓட்ட, அவன் பின்னால் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார, சேக்காட்டுக் குளத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதே முக்கால்.

குளம் பச்சை.

"கலியமூர்த்தி அண்ணாத்தே அவுட்டு," என்றான் பால்ராஜ். "செகப்பு இன்னா, ஒரு ஆரஞ்சுகூட இல்ல. திரும்பிப் போலாமாக்கா? வழியில நாஸ்டா துன்னலாம்."

"ஒருத்தன் பொய் சொல்லணும்னா நம்புற மாதிரி சொல்லுவான். குளம் பச்சையா இருந்துச்சுன்னு சொல்லியிருந்தா யார் கேட்கப் போறாங்க? பீட்ரூட் மாதிரின்னு எதுக்குச் சொல்லணும்? விக்காத சரக்கை எவனும் கடைமுன்னாடி தொங்கவிட மாட்டான்."

கரையில் ஓர் அம்மாள் இரண்டு எருமைகளை வைக்கோல் பிரியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேர் கெங்கம்மாள். எருமைகளைவிட அவளுக்குத்தான் கோபம் அதிகம் என்று தெரிந்தது.

"ஏம்மா, இந்தக் குளம் எப்பவாவது சிவப்பா மாறுமா?"

"எப்பவாவதா? தெனமுந்தான் மாறுது! மாசி பொறந்ததுலேர்ந்து இதே பேஜாரு. காலையில பச்சை. வெயில் ஏற ஏற செகப்பு. சாயங்காலம் மறுபடியும் பச்சை. இன்னாத்துக்கு நான் காலங்காத்தால மாட்டை ஓட்டியாறேன்? உச்சி வெயில்ல எறக்கினா எருமை குங்குமம் பூசிகினு கரையேறுது. தபார், பால் வாங்கறவ பயப்படறா."

பால்ராஜின் வாய் திறந்தது. ஆனால் அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவன் வாழ்க்கையில் அபூர்வமான நிகழ்ச்சி.

"இதை வேற யாருக்கும் சொல்லலையா?"

"யாரு கேட்டாங்க? கொளத்தாண்ட வர்றவனெல்லாம் காலையில வருவான், இல்லாங்காட்டி பொழுது சாயற நேரத்துல வருவான். மண்டையப் பொளக்கற வெயில்ல எந்தப் பைத்தியம் வரும்? சனிக்கிழமை ஒருத்தர் வந்தாரு, காக்கிச் சட்டை. பன்னெண்டு மணி இருக்கும், சங்கு புடிச்ச நேரம். பாட்டில் வச்சிகினு அப்பிடியே மெரண்டு போயி நின்னாரு. நான் அந்த வேப்பமரத்தாண்ட குந்திகினு இருந்தேன்."

லோகநாயகி சிரித்தாள். "பால்ராஜு, மரத்தடியில் உட்கார். மணி பன்னிரண்டு ஆகட்டும்."

பத்தரைக்குக் குளத்தின் ஓரங்களில் செங்கல் பொடி தூவியதுபோல் ஒரு நிறம் படர்ந்தது. பதினொன்றரைக்கு அது நடுவை நோக்கி நகர்ந்தது. பன்னிரண்டுக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதியபோது குளம் முழுக்க ரத்தச் சிவப்பு. பச்சை இருந்ததற்கு ரசீதுகூட இல்லை.

"அக்கா, இது கொளமா, சிக்னல் லைட்டா?"

"கடிகாரம். இது பச்சையா இருந்தா ஒண்ணு காலை, இல்லே சாயங்காலம், ரெண்டுல ஒண்ணுதான். பகல் பன்னெண்டுக்குப் பச்சைன்னு எழுதிக் கொடுத்தவர் பன்னெண்டுக்கு இங்கே இல்லை. நீ வண்டியை எடு. ரகுநாதன் வாத்தியாரைக் கூட்டிட்டு வா. என்னன்னு சொல்லாதே. சாப்பாட்டு டப்பாவோட வரச்சொல்லு."

"சமபந்தி போஜனமா?"

"ஆமா. நீ பந்தி விசாரிக்கப் போறே. ஓடு."

பன்னிரண்டரைக்கு வந்து இறங்கினார் ரகுநாதன். நாற்பது வயது, மடிப்புக் கலையாத பேண்ட், கையில் எவர்சில்வர் டிபன் டப்பா. வாய் நிறைய எதையோ கேட்க வந்தவர், குளத்தைப் பார்த்து அப்படியே நின்றார்.

"இது... இது எப்படி..."

"சனிக்கிழமை இதே நேரத்துக்கு இந்த வழியாப் போனீங்களே சார். அப்ப பார்க்கலையா?"

ரகுநாதன் கரைக்கு நடந்தார். குனிந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் அள்ளி வெயிலில் காட்டினார். மாட்டிக்கொண்ட மனிதனின் முகத்தில் வரவேண்டிய பயத்தைத் தள்ளிக்கொண்டு வேறு ஏதோ ஒன்று முன்னால் வந்தது.

"யூக்ளினா," என்றார். "யூக்ளினாவில் சிவப்பு இனம். கோடிக்கணக்கா இருக்கு! ஐயோ, பதினாலு வருஷமா இதைப் பச்சை சாக்பீஸால் போர்டுல வரைஞ்சிட்டு இருக்கேன் மேடம். புத்தகத்துல சின்ன எழுத்துல ஒரு வரி வரும், சில இனங்கள் கடும் வெளிச்சத்தில் சிவப்பாகும்னு. 'இது பரீட்சைக்கு வராது, அடிச்சிடுங்க'ன்னு வருஷா வருஷம் சொல்லியிருக்கேன்."

"இப்ப வந்துடுச்சி சார்," என்றான் பால்ராஜ். "கட்டாய வினா."

"அது என்ன பாசியா?" லோகநாயகி கேட்டாள்.

"அதுதான் தகராறு. பாசின்னா நிறத்தை வச்சுப் பிரிச்சுடலாம். பச்சைப்பாசி, பழுப்புப்பாசி, சிவப்புப்பாசின்னு. இது ஒரே ஒரு செல். பச்சையம் இருக்கு, வெயில்ல தானே சமைச்சுக்கும். அதனால தாவரம்னு நான் பாடம் எடுப்பேன். சாட்டை மாதிரி ஒரு வால் இருக்கு, நீந்தும். வெளிச்சம் தெரிய ஒரு கண்புள்ளி இருக்கு. தாவரத்துக்கு உள்ள கெட்டியான செல்சுவர் கிடையாது. இருட்டுல போட்டா மிச்சம் மீதியை உறிஞ்சியும் பிழைக்கும். அதனால விலங்குன்னு விலங்கியல் வாத்தியார் பாடம் எடுப்பார். ஒரே பசங்களுக்கு ஒரே பிராணியை ரெண்டு பேரும் நடத்துவோம். இப்ப ரெண்டும் வேணாம்னு புரோட்டிஸ்டான்னு தனிப் பிரிவுல வச்சிருக்காங்க. அமீபா, பாரமீசியம் எல்லாம் அதுலதான்."

"எங்கப்பா கடையில ஒரு கூடை இருக்கும். எந்தப் பாத்திரத்துக்கும் சேராத மூடியெல்லாம் அதுலதான் கிடக்கும்."

"அதேதான் மேடம்! அந்தக் கூடைதான்."

"சரி, நிறம் ஏன் மாறுது?"

"உள்ளே சிவப்புத் துகள் இருக்கு. வெயில் உறைக்கும்போது அது மேல்பக்கமாப் பரவிக் குடை பிடிக்கும், பச்சையம் கருகாம. நிழல் வந்தா நடுவுல சுருங்கிடும். அப்புறம் பச்சைதான் தெரியும்."

லோகநாயகி கையை நீட்டினாள். "டப்பாவைக் கொடுங்க."

அவருடைய எலுமிச்சைச் சாதம் பால்ராஜின் பொறுப்பில் போயிற்று. பிறகு அது திரும்ப வரவில்லை. கழுவிய டப்பாவில் சிவப்புத் தண்ணீரை மொண்டு மூடி, வேப்பமரத்தடியில் வைத்தார்கள். அரைமணி கழித்து லோகநாயகி மூடியைத் திறந்தாள்.

பச்சை.

"கலியமூர்த்தி பாட்டிலைப் பைக்குள்ள வச்சுக் கொண்டு போனார்," என்றாள். "பை இருட்டு. பள்ளிக்கூடம் போறதுக்குள்ள பச்சையாயிடுச்சு. அந்த மனுஷன் பார்த்ததைத்தான் சொன்னார். நீங்க பார்க்காததை எழுதினீங்க. எங்கே சார் இருந்தீங்க?"

ரகுநாதன் குளத்தைப் பார்த்தே பேசினார். "அம்பத்தூர்ல. டியூஷன். எங்களுக்கு அது கூடாதுன்னு தெரியும். நான் மைக்ரோஸ்கோப்பை எடுக்கலை மேடம், சத்தியமா."

"தெரியும். எடுத்தவர் 'நான் லேபுக்கே போகலை'ன்னு எழுதுவார். நீங்க எழுதினது உங்களுக்காக இல்லை, வேற யாருக்கோ. யார் எழுதச் சொன்னது?"

"ஹெச்.எம்." அவர் குரல் இறங்கியது. "சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு, 'நீ டியூஷன் எடுக்கறது எனக்குத் தெரியும், நாலு வரி எழுதிக் கொடு, நானும் மறந்துடறேன்'னார். தண்ணி என்ன நிறம்னு எழுதறதுன்னு கேட்டேன். குளம்னா பச்சைதானேய்யா, நீ தாவரவியல் வாத்தியார்தானேன்னு கேட்டார். எனக்கும் அது சரியாத்தான் பட்டுது."

பால்ராஜ் விரலை நக்கினான். "அப்ப பாக்கெட் அடிக்கறவன் டிக்கெட் கவுண்டருக்குள்ளயே கீறான்னு சொல்லு."

"இப்ப எங்ககூட வர்றீங்களா சார்? உங்க டியூஷன் எனக்கு வந்த கேஸ் இல்லை. அந்த மனுஷன் வேலைதான் கேஸ்."

ரகுநாதன் குனிந்து, டப்பாவை மறுபடி குளத்து நீரால் நிரப்பிக்கொண்டார். "வர்றேன். புதன்கிழமை பசங்க இதைப் பார்க்கணும்."

ஒன்றே முக்காலுக்கு அவர்கள் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தார்கள். கலியமூர்த்தி காலையில் நின்ற அதே இடத்தில் நின்றிருந்தார். பாட்டில் மேஜைமேல் அப்படியே இருந்தது, பச்சையாக.

"என்ன, ஏதாவது கிடைச்சுதா?" இராமகிருஷ்ணன் சிரித்தார். "கிளார்க் வரவே லேட்டு. ஆர்டர் இப்பத்தான் டைப் ஆகிட்டு இருக்கு."

ஆகத்தான் செய்தது. பக்கத்து அறையிலிருந்து தட், தட், தட் என்று சத்தம். வரி முடிகிற இடத்தில் 'டிங்' என்று ஒரு மணிச்சத்தம்.

"ஒரு நிமிஷம் சார்." லோகநாயகி பாட்டிலை எடுத்து, வெயில் விழுகிற ஜன்னல் கட்டையில் வைத்தாள். பிறகு நிதானமாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். குளத்துக் கதையை முதலிலிருந்து சொன்னாள். ரகுநாதன் நடுநடுவே தலையாட்டினார். தான் பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தார் என்பதையும் தானே சொன்னார். இராமகிருஷ்ணனின் கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது.

"அதெல்லாம் சரி. அப்ப மைக்ரோஸ்கோப் எங்கே? அதைச் சொல்லுங்க முதல்ல."

லோகநாயகி பால்ராஜைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையைச் சாய்த்துப் பக்கத்து அறைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆசையாய்க் கேட்டான், பாட்டுக் கச்சேரி கேட்பதுபோல.

"சார், ஒரு டவுட்டு," என்றான். "இந்த இஸ்கூல்ல எத்தினி டைப்ரைட்டர் கீதுன்னு சொன்னீங்க?"

"ஒண்ணு. ஏன்?"

"அது அந்த ரூம்ல அடிச்சிகினு கீது. அப்ப பீரோ மேல குந்திகினு கீறது யாரு?"

தட், தட், தட் என்றது சுவர்.

பால்ராஜ் ஸ்டூலில் ஏறி ரெக்சின் உறையைத் தூக்கினான். ஜெர்மனி மைக்ரோஸ்கோப் இரண்டு கண்ணாலும் எல்லோரையும் பார்த்தது.

"கூனு இல்லக்கா. கழுத்து."

கலியமூர்த்தி கதவைப் பிடித்துக்கொண்டார்.

லோகநாயகி கருவியை இறக்கி மேஜையில் வைத்து, அதன் லென்ஸ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். மிக நீளமான லென்ஸின் கண்ணாடியில் குறுக்காக ஒரு கீறல், நூல் பிடித்ததுபோல்.

"பெரிய திருகை வேகமாத் திருகி, லென்ஸைப் பொருள் மேலேயே இறக்கிட்டீங்க. புதுசாத் தொடறவங்க எல்லாரும் செய்யறதுதான். பையில் இருக்கிற ரோஸ் தாளை எடுங்க சார். நகைக்காரங்க கல் மடிச்சுக் கொடுக்கற தாளை எனக்குத் தெரியாதா?"

இராமகிருஷ்ணன் சரித்திரம் படித்தவர். எப்போது சரணடைய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தாளைப் பிரித்தார். ஒற்றைக் கல் மூக்குத்தி.

"என் பெண்ணுக்குக் கல்யாணம். வீட்டுக்கு வந்த ஒருத்தன்கிட்ட வாங்கினேன், வைரம்னான். சந்தேகம் வந்துச்சு. கடையில் காட்டினா ஊருக்குத் தெரிஞ்சுடும். கலியமூர்த்தி வெளியே போனதும் பலகையில் இருந்த சாவியை எடுத்துட்டு, மைக்ரோஸ்கோப்புல கல்லைப் பார்க்கலாம்னு போய்... கீறினதும் பயந்துட்டேன். ரிப்பேர் பண்ணி வச்சிடலாம்னுதான் இங்கே கொண்டு வந்தேன். அதுக்குள்ள இவர் வந்து சத்தம் போட்டுட்டார். அப்புறம் எப்படிச் சொல்றது?"

"ஒண்ணு மட்டும் நிச்சயம்," என்றாள் லோகநாயகி, மூக்குத்தியை வெளிச்சத்தில் திருப்பியபடி. "இது கண்ணாடி இல்லை. கண்ணாடியா இருந்தா லென்ஸை இப்படிக் கீறாது."

அவர் முகம் ஓணம் பூக்கோலம்போல் இல்லாவிட்டாலும் ஒரு சாமந்தி அளவுக்கு மலர்ந்தது. "அப்ப வைரம்தானே?"

"அமெரிக்கன் டைமண்டும் கண்ணாடியைக் கீறும் சார்."

சாமந்தி கூம்பியது. அவர் எழுந்து பக்கத்து அறையைப் பார்த்து, "அதை நிறுத்துய்யா!" என்று கத்தினார். கிளார்க் பாதி அடித்த ஆர்டரோடு எட்டிப் பார்த்தார். இராமகிருஷ்ணன் அதை வாங்கிக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க சார்."

கலியமூர்த்தி முதல் தடவையாகக் கதவை விட்டு நகர்ந்து மேஜைக்கு வந்தார்.

"கிழிச்சா நான் திருடலைன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எம்பொண்ணுக்கு? இஸ்டாப் ரூமுக்கு? அதே மிஷின்ல இன்னொண்ணு அடிக்கச் சொல்லுங்க. மைக்ரோஸ்கோப் உங்ககிட்டதான் இருந்திச்சின்னு. நான் கொளத்துக்குப் போனேன்னு. நான் சொன்ன கலரு நெசம்னு. நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். லென்ஸு உங்க செலவு."

"கலியமூர்த்தி, போர்டுல எல்லாம்..."

கலியமூர்த்தி ஜன்னலுக்குப் போனார். பாட்டிலை எடுத்துவந்து மேஜையின் நடுவில், காலையில் தலைமையாசிரியர் வைத்த அதே இடத்தில் வைத்தார்.

"பார்த்துச் சொல்லுங்க சார். இப்ப இன்னா கலரு?"

பாட்டிலுக்குள் பச்சை எங்கேயும் இல்லை. இராமகிருஷ்ணன் வெகுநேரம் பார்த்தார். வாசலில் தாளாளரின் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"சிவப்பு," என்றார்.

"சார் சொல்றாரு, எழுதிக்க," என்றான் பால்ராஜ் கிளார்க்கிடம். "அப்பால, அந்த மிஷின்ல கறுப்பு செகப்பு ரெண்டு ரிப்பனும் கீதுல்ல? மத்ததெல்லாம் கறுப்புல அடி. கலரு வர்ற எடத்துல மட்டும் மாத்திக்க அண்ணாத்தே."

கிளார்க் உள்ளே போனார். தட், தட், தட் என்று இரண்டு வரி ஓடியது. மணி அடித்தது. பிறகு தட்டல் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் ரிப்பன் மாறுகிற 'டக்' கேட்டது.